மீனம்மா நர்ஸ் பார்த்த நோயாளி

சங்குமலைத் தோட்டம்,
மேற்பிரிவு,
பூண்டுலோயா.

அன்பு மகள் லோஜினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் மாரியம்மா புண்ணியத்தில் சுகம், மூன்று வாரமாக விடாமல் பெய்கிற மழையும் சுகம், மழையைக் கண்டு குஷியாகிவிட்ட அட்டைகள் எங்கள் எல்லாரையும்விடச் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் அதுபோல நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் மூஞ்சி பார்த்துப் பேசுகிற அம்மாவுக்குத் திடீரென்று என்ன கடிதம் எழுதுகிற ஆசை என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. வரிசை வீடாகக் கட்டிய நம் லயத்துக் காம்பராவில் நின்று பேசினால் ஆறாவது காம்பரா வரைக்கும் கேட்கும், அது போகட்டும், உங்க அப்பாவுக்கு நான் சோறு போட்டுக் கூப்பிட்டால் கேட்காத காது நான் உன்னோடு பேசும்போது மட்டும் நாய்க்காது ஆகிவிடும். அவர் காதில் விழக் கூடாத ஒரு விஷயம் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அதற்காக நேரே கடைசிக்குத் தாவாதே, வரிசையாகப் படி, இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. போன ஞாயிற்றுக்கிழமை நம் டிஸ்பென்சரியில் நடந்த கூத்தை யாராவது பேஸ்புக்கில் போட்டு நீ பார்த்து நெஞ்சைப் பிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். விஷயம் உன் அப்பாயியைப் பற்றியது.

அப்பாயியோடு பதிமூன்று வயது வரை ஒரே பாயில் படுத்தவள் நீ, உனக்கு நான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன், ஏனென்றால் இருபது வருஷம் ஒரே அடுப்பில் அவரோடு மல்லுக்கட்டியவள் நான். உலக யுத்தம் நடந்த காலத்தில் பதினெட்டு வயதில் வெள்ளைக்காரப் பட்டாள முகாமுக்குப் போய், இரண்டு வருஷம் நர்ஸாக இருந்து, வரும்போது ஒரு வெள்ளை ஏப்ரனும் ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்தார் என்பது தோட்டத்தில் கைப்பிள்ளைக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு பகலில் கொழுந்து எடுப்பதும் சாயந்திரம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பதுமாக வாழ்ந்தார். பட்டாளத்து வைத்தியம் என்பதால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. போனவுடன் பல்லைக் காட்டச் சொல்வார், பல்லைப் பார்த்தே வயதைச் சொல்வார். பிறகு ஆளைத் திருப்பி நிறுத்தித் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, காலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பாதத்தைப் பார்ப்பார். இருமலா, கால். காய்ச்சலா, கால். பிள்ளை தங்கவில்லையா, அதற்கும் கால். மருந்தைக் கோப்பையில் தர மாட்டார், தலையை அண்ணாத்திப் பிடித்துக் கடைவாயில் போத்தலைச் சொருகி ஊற்றித் தொண்டையைத் தடவிவிடுவார். வயிற்றுவலி என்று போனவன் தொலைந்தான், படுக்க விட மாட்டார், இடுப்பில் கயிற்றைக் கட்டி லயத்தைச் சுற்றிப் பதினைந்து சுற்று நடத்துவார். பெரிய கணக்கப்பிள்ளையையே ஒரு தடவை அப்படி நடத்தியபோது ஜனம் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தது, அவரும் மறுபேச்சு இல்லாமல் நடந்தார், வலியும் நின்றுவிட்டது. எங்க அப்பாயி யுத்தத்துல நர்ஸா இருந்தவங்க என்று நீ நர்ஸிங் இன்டர்வியூவில் சொல்லிவிட்டு வந்தாயே, அன்றைக்கு உங்க அப்பா சந்தோஷத்தில் அழுத அழுகை இருக்கிறதே, என்னைக் கட்டியபோதுகூட அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. அவருக்கு இந்த உலகத்தில் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான், யுத்த நர்ஸ் மகன் செல்லசாமி.

தை மாதம் நம் டிஸ்பென்சரிக்கு வினோதா என்று ஒரு டாக்டரம்மா வந்தது. மாத்தளைப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். வந்த முதல் வாரத்திலேயே பாவம் மிரண்டுவிட்டது. இருமல் என்று வந்த கிழவனை உட்காரச் சொன்னால் அவன் ஈயென்று பல்லைக் காட்டிவிட்டு, திரும்பி நின்று மேசையைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் பின்னால் தூக்குகிறான். அடுத்து வந்த கிழவியும் அதையே செய்கிறாள். சின்னப் பெண் என்று நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று முதல் நாள் அழுததாம். நாற்பது பேர் அப்படியே செய்ததும் இது வியாதி என்று முடிவு கட்டி, இந்தப் பிரிவில் அறுபது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் கால் தானாகப் பின்னால் தூக்குகிறது என்று மேலே எழுதிப் போட்டுவிட்டது. ஒரு வண்டியில் நாலு பேர் வந்து பீலிக் குழாய்த் தண்ணியைப் போத்தலில் பிடித்தார்கள், சுவரைச் சுரண்டினார்கள், எங்கள் ரத்தத்தையும் எடுத்தார்கள், உங்க அப்பாவைக் கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் பீலித் தண்ணி குடிக்காதே என்று உத்தரவு வேறு. கடைசியில் சங்கத் தலைவர் பழனியாண்டி போய், டாக்டரம்மா, இது வியாதி இல்லீங்க, எங்க மீனம்மா நர்ஸு பழக்குன பழக்கம், யுத்தத்துல அப்படித்தான் பாப்பாங்களாம் என்று விளக்கினார். அந்தப் பிள்ளை கண்ணில் தண்ணி வரச் சிரித்ததாம். சிரித்துவிட்டு, சரி தூக்குகிற காலைத்தான் பார்ப்போமே என்று பார்த்திருக்கிறது. சீனி வியாதியில் பாதம் புண்ணாகி யாரிடமும் சொல்லாமல் இருந்த பதினாலு பேர் அகப்பட்டார்கள். எண்பத்து நாலு வயது அழகன் தாத்தாவுக்கு இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டுமாம், ஒரு விரலை மட்டும் இழந்து தப்பினார். அந்தப் பிள்ளைக்கு அப்பாயி மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. புதிதாகக் கட்டிய நோயாளர் மண்டபத்துக்கு மீனம்மா நர்ஸ் பெயரை வைப்போம், படமும் மாட்டுவோம், படம் மட்டும் தாருங்கள் என்றது.

படத்துக்கு எங்கே போவது. அப்பாயி கேமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை. ஒரே ஒரு படம் அடையாள அட்டையில் இருந்தது. அந்த அட்டைக்கு அவர் பட்ட பாடு உனக்குத் தெரியும், இந்த மண்ணிலேயே பிறந்தவரைப் பிரஜாவுரிமை இல்லை என்று காலமெல்லாம் அலையவைத்து, கடைசியில் கையில் கிடைத்து ஏழு மாதத்தில் கண்ணை மூடினார். அட்டை எங்கே என்று உங்க அப்பாவைக் கேட்டால் முழிக்கிறார். துருவித் துருவிக் கேட்டதில், அடக்கம் பண்ணின அன்றைக்கு யாரும் பார்க்காத நேரத்தில் அதைச் சவப்பெட்டிக்குள் அம்மா கையில் வைத்துவிட்டாராம். ஏன்யா இப்படிச் செய்தீர் என்றால், போற வழியில எங்கயாச்சும் செக்பொயிண்ட்டு இருந்தா அம்மா என்னத்தைக் காட்டும் என்கிறார்.

டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிற இம்தியாஸ் தம்பி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே வந்தது. முகம் எப்படி என்று நீங்கள் சொல்லுங்கள், நான் வரைகிறேன் என்றது. பெரியவர்கள் எல்லாரும் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். வகிடு நூல் பிடிச்ச மாதிரி இருக்கும் என்றது ஒரு கிழவி. கொண்டை இடப்பக்கம் சாஞ்சிருக்கும் என்றது இன்னொன்று. காதுக்குப் பின்னால் மச்சம் உண்டு என்று பழனியாண்டி சத்தியம் செய்தார். மூக்கு, வாய், கண் எதுவும் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. எப்படி இருக்கும், அவர் எந்நேரமும் இவர்கள் காலடியில் குனிந்தே இருந்தாரே, எல்லாரும் பார்த்தது உச்சந்தலையைத்தான். இம்தியாஸ் தான் வரைந்ததைத் தானே பார்த்து, தலைவரே, இதுக்கு நான் ஒரு தேங்காயைப் படம் புடிச்சே தந்துர்றேனே என்று கையை விரித்துவிட்டது. அப்போதுதான் பழனியாண்டி மூளையில் அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது. செல்லசாமி அச்சாக அம்மா சாயல்தானே, அந்த முகத்தை எடுத்து மீசையை அழித்துவிட்டுக் கொண்டை வைத்தால் போயிற்று என்றார். செய்தார்கள். மூன்றடி உயரச் சட்டம், வெள்ளைத் தொப்பி, நெற்றியில் பொட்டு. உங்க அப்பா அதைப் பார்த்ததும் அம்மா என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். தன் மூஞ்சியைத் தானே கும்பிடுகிற மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் பழனியாண்டி ரோஜா மாலைக்கும் குத்துவிளக்குக்கும் சொல்லியாச்சு என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிற மனுஷன் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பார்களா? என் தாலிக்கு யார் ஜவாப்தாரி? வேண்டவே வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். கம்ப்யூட்டர்ல செஞ்சதுக்குத் தோஷம் கிடையாது மதினி என்றார் தலைவர். உங்க அப்பாவோ, எங்கம்மா உசுரோட இருந்தப்பவும் உனக்கு ஆகாது, இப்ப ஒரு மாலை விழுறதும் பொறுக்கலையா உனக்கு என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இப்போது கவனமாகப் படி மகளே. அப்பாயிக்கு ஒரு படம் இருந்தது. அது என்னிடம்தான் இருந்தது. அவர் போவதற்கு மூன்று நாள் முன்னால் அந்தத் தகரப் பெட்டியை என் கையில் கொடுத்து, வேலாயி, நான் யுத்தத்துல நர்ஸா இருந்தது நெசம், ஆனா நான் பாத்தது மனுஷங்களை இல்லை, பட்டாளத்துக் கோவேறு கழுதைங்களை, செல்லசாமிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான், நீ வாயைத் தொறந்துராத என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அவருடைய அப்பா துரை பங்களாவில் குதிரைக்காரராக இருந்தாராம். கழுதை ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்று பட்டாளம் அவரைக் கூட்டிப்போக, அவர் காய்ச்சலில் விழ, அந்த வேலையை மகள் செய்திருக்கிறார். கழுதை டாக்டராக இருந்த வெள்ளைக்கார ஆபிசர் இவர் கைராசியைப் பார்த்து ஏப்ரன் கொடுத்து நர்ஸ் என்று கூப்பிட ஆரம்பித்தாராம். தோட்டத்துக்குத் திரும்பி வந்து நர்ஸாக இருந்தேன் என்று சொன்னபோது, யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இதைக் கேட்டு நான் எப்படி இருந்திருப்பேன் சொல்லு. பல்லைக் காட்டியதும் கடைவாயில் ஊற்றியதும் கயிறு கட்டி நடந்ததும் அத்தனையும் கழுதை வைத்தியமா! நீ என் வயிற்றில் இருந்தபோது விலாவில் தட்டிப் பார்த்து நல்ல குட்டி என்றாரே, பிரசவ வலியில் என் மூக்கில் ஊதினாரே! சிரிப்பதா ஆத்திரப்படுவதா என்று தெரியாமல் விக்கல் எடுத்துவிட்டது. பெட்டிக்குள் அந்தப் படம். பதினெட்டு வயது மீனம்மா, வெள்ளை ஏப்ரன், முன்னங்காலில் கட்டுப் போட்ட ஒரு கழுதையின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு வாய்நிறையச் சிரிக்கிறார். என் மாமியார் சிரித்து நான் பார்த்தது அதில்தான். இருபது வருஷத்துக்கு மேலாக அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இப்போது சொல், அதை எடுத்தால் செத்தவருக்குக் கொடுத்த சத்தியமும் போச்சு, உங்க அப்பா பெருமையும் போச்சு. எடுக்காவிட்டால் உயிரோடு இருக்கிறவருக்கு மாலை விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்தில் உட்கார இடமில்லை. நான் படத்தைப் பத்திரிகையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எடுப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பழனியாண்டி மைக்கில், குண்டுமழைக்கு நடுவுல நூத்துக்கணக்கான சிப்பாய்ங்களோட உசுரைக் காப்பாத்துன வீரத்தாய் என்று முழங்கினார். உங்க அப்பா வெள்ளைச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். திரையை இழுத்தார்கள். சின்னப்பிள்ளைகள் எல்லாம், ஐ செல்லசாமி தாத்தா என்று கத்தின. பெரியவர்கள் அதட்டி அடக்கிவிட்டுக் கைகூப்பினார்கள். தலைவர் மாலையைத் தூக்கினார் பார், எனக்கு என்ன வந்ததோ தெரியாது, நிப்பாட்டுங்க என்று நான் போட்ட சத்தம் மைக் இல்லாமலே பாக்டரி வரைக்கும் கேட்டிருக்கும். ஓடிப்போய்ப் படத்தை டாக்டரம்மா கையில் திணித்தேன். அந்தப் பிள்ளை திருப்பிப் பார்த்து, பின்னால் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்தது. நர்ஸ் மீனா, தன் நோயாளியுடன், ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து நாலு. நோயாளி எங்கே என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பழனியாண்டி விடுவாரா, நோயாளிதான் படத்தைப் புடிச்சிருப்பாரு என்றார். டாக்டரம்மா மெதுவாக, கட்டு கழுதைக் காலிலதான் இருக்கு ஐயா என்றது. அதற்குமேல் மறைத்து என்ன பிரயோசனம், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு கிழவி தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பெரிய கணக்கப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். உங்க அப்பா நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தார். பாவி, இந்த மனுஷன் உயிரைக் காப்பாற்றப்போய் மானத்தை வாங்கிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அழகன் தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு, கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து முன்னால் வந்தார். படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம், அந்தக் கழுதைக்குக் கால் சரியாயிருச்சாம்மா என்று கேட்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குப் பதில் தெரியும், அப்பாயி சொல்லியிருந்தார். நாற்பது நாள் அதோடு கூடவே படுத்திருந்து பார்த்தாராம். சரியாயிருச்சு தாத்தா, சரியாயிருச்சுனு அவங்களே சந்தோஷமா ஓடிப்போய் ஆபிசர்கிட்ட சொன்னாங்களாம், மறுநாளே பர்மா சண்டைக்குக் கப்பல் ஏத்திட்டாங்களாம், அது திரும்பி வரலையாம், நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க என்றேன். தாத்தா அதைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதான் அந்தப் புண்ணியவதி நம்ம ஒருத்தனையும் சரியாயிருச்சுனு சொன்னதே இல்லை என்றார். உண்மைதான் மகளே. காய்ச்சல் விட்டு ஆள் எழுந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பான், வேலை வாங்குகிற கண்டாக்கையா வந்து இவன் மலைக்கு வேலைக்கு வரலாமா என்று கேட்டால் அப்பாயி மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு, இன்னும் ரெண்டு நாள் ஆகும் ஐயா என்பார். எத்தனை மிரட்டினாலும் அந்த ரெண்டு நாளைக் குறைக்க மாட்டார். பட்டாளத்து நர்ஸ் சொல்லை மீறக் கண்டாக்குக்கும் பயம். எனக்கு ரெண்டு நாள் தந்தாங்க என்றது ஒரு குரல். எனக்கும் என்றது இன்னொன்று. என் மூத்தவன் பொறந்தப்ப பத்து நாள் சண்டை போட்டு வாங்கிக் குடுத்தாங்க என்று ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. மண்டபம் முழுக்க அழுகையும் பேச்சுமாகிவிட்டது. உங்க அப்பா அப்போதுதான் தலையைத் தூக்கினார். இம்தியாஸ் அங்கேயே அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தருகிறேன், கழுதையை வெட்டிவிடவா என்று கேட்டது. கழுதையை வெட்டுனா நான் மாலையைப் புடுங்கிருவேன் என்று அழகன் தாத்தா தடியை ஓங்கினார். இப்போது இரண்டு பேரும்தான் சுவரில் சிரிக்கிறார்கள், யாரோ கழுதைக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். அயர்லாந்து ஆஸ்பத்திரியில் உன் வார்டுப் பலகையில் நீ அப்பாயியைப் பற்றி எழுதி ஒட்டியதில் எதையும் கிழிக்க வேண்டாம், கழுதையை மட்டும் சேர்த்துக்கொள்.

உங்க அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, அந்தக் கழுதைக்குப் பேரு ஏதாச்சும் இருந்துச்சுனு அம்மா சொன்னுச்சா என்று கேட்டார். மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினேன். பொய். எனக்கு மறக்கவில்லை. முகாமில் எல்லாக் கழுதைகளையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு நம்பர் சொல்ல மனசு வரலை வேலாயி, நானா ஒரு பேரு வச்சேன், அது போனப்புறம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட ஆளில்லாம பன்னண்டு வருஷம் கெடந்தேன், பொறவுதான் உம் புருஷன் பொறந்தான் என்றார் அப்பாயி.

எல்லா நலமும் உனக்குக் கிடைக்க வேண்டும், கைராசி நிலைக்க வேண்டும், நல்ல இடத்தில் நல்லபடியாக அமைய வேண்டும் என்று அம்மா இங்கிருந்தே உன் தலையில் கைவைத்து வாழ்த்துகிறேன். காலுறை போட்டுக்கொண்டு தூங்கு, வெறும் ரொட்டித்துண்டைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இனிப் போனில் அப்பா வரும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதே, அழுதும்விடாதே, இரண்டுக்கும் காரணம் கேட்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
செல்லசாமி வேலாயி